குடமிளகாய் பழுக்காத வழக்கு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு போலீஸிலிருந்து போன் வந்தது.

"பத்திரிகையில எழுதுற மேடம்தானே? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பேசுறேன். போலீஸ்."

தாளித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர், ஸ்பீக்கரில் 'போலீஸ்' என்ற ஒரு சொல் காதில் விழுந்ததுமே பாய்ந்து வந்தார்.

"கட் பண்ணு, கட் பண்ணு! டிஜிட்டல் அரெஸ்ட்டா இருக்கும். அடுத்து ஆதார் நம்பர் கேப்பான்!"

"பொம்பளைக் குரலா இருக்குங்க..."

"இப்பல்லாம் பொம்பளைகளையும் வேலைக்கு வச்சிருக்கானுக!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "மேடம், உங்க ஆதாரெல்லாம் எனக்கு வேண்டாம். போன மாசம் குடமிளகாயைப் பத்தி எழுதியிருந்தீங்கல்லா? அதைப் பத்தித்தான் விசாரிக்கணும்."

நியாயமாகப் பார்த்தால் ஆதார் நம்பரே கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் சொல்லியிருப்பேன்.

நினைவிருக்கிறதா உங்களுக்கு? இதே பக்கத்தில்தான் அளந்து விட்டிருந்தேன். ராஜபாளையத்தில் எங்கள் மொட்டை மாடியில் நாலு தொட்டியில் குடமிளகாய் வைத்தது... மாசியிலேயே வெயில் ஏறியதும் செடி துவண்டது... கடைசியாகப் பறித்த பச்சைக் காய்களை வீட்டுக்குள்ளேயே பழுக்க வைத்தது. 'ஒரு கவரில் போட்டு, கூடவே ரெண்டு வாழைப்பழம் வைத்து, வாயைக் கட்டிவிடுங்கள். பத்தே நாளில் செக்கச் சிவந்த குடமிளகாய்!' என்று ஏதோ ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி முடித்திருந்தேன்.

"அதே மாதிரிதான் செஞ்சேன் மேடம். இருபது காய். அம்புட்டும் அழுகிப்போச்சு."

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. திட்டுகிறவர்களிடம் பதிலுக்கு ஏதாவது வாதாடலாம். இப்படி மெதுவாகச் சொல்கிறவர்களிடம் என்ன செய்வது?

"என்ன கவர்ல போட்டீங்க?" என்றேன்.

"துணிக்கடையில குடுத்த கவர். நல்ல கெட்டி பிளாஸ்டிக்."

நான் வைத்தது காகிதக் கவர். எழுதும்போது 'கவர்' என்று மட்டும் எழுதித் தொலைத்திருக்கிறேன். நம் ஊரில் கவர் என்றால் என்ன? மளிகைக் கடையில் "ஒரு கவர் குடுங்க" என்றால் காகிதத்தையா நீட்டுகிறார்கள்? ஒரு சொல்லைச் சோம்பேறித்தனமாக விட்டதற்கு இருபது காய் பலி.

பேசியவர் பெயர் செல்வராணி. ஏட்டு. ஸ்டேஷனில் எல்லோரும் 'ஏட்டம்மா' என்பார்களாம். போன் நம்பரைப் பத்திரிகை ஆபீஸில் கேட்டு வாங்கியிருக்கிறார். போலீஸ் கேட்டால் கொடுக்காமல் இருப்பார்களா?

"இன்னும் இருபது காய் மிச்சமிருக்கு. அதையாவது எப்படிப் பழுக்க வைக்கிறதுன்னு சரியாச் சொல்லுங்க. பன்னெண்டு நாள்தான் இருக்கு" என்றார்.

"பன்னெண்டு நாள்ல என்ன?"

"எங்க வீட்ல அவிய வாராக" என்றார்.

அவருடைய கணவர் பாண்டி ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே ஏதோ மலைப்பக்கம் போஸ்டிங். தீபாவளி லீவில் வந்தவர், அங்கேயிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தில் குடமிளகாய் விதை கொண்டு வந்திருக்கிறார். போலீஸ் குவார்ட்டர்ஸ் மாடியில் இருபது பைகளில் மண் நிரப்பி, விதை போட்டு, முளை விட்டதைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறியிருக்கிறார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாராம். "யாரும் பறிக்கக் கூடாது. செடியிலயே பழுக்கட்டும். பங்குனி உத்திரத்துக்கு வந்து நானே பறிக்கேன்."

அந்த மனிதர் இதுவரை தவறவிட்டவற்றின் பட்டியலை ஏட்டம்மா போனிலேயே சொன்னார். மகள் பிறந்தபோது இல்லை. மகள் நடந்தபோது இல்லை. பெரிய மனுஷி ஆனபோது இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டபோதும் இல்லை. "ஒரு செடியையாவது காய்க்கிற நேரத்துக்கு வந்து பார்க்கணும்னு அவியளுக்கு ஒரு ஆசை மேடம். நான் சிரிச்சேன். பொறவுதான் அவிய முகத்தைப் பார்த்தேன்."

அப்படி இருக்கும்போதுதான் குவார்ட்டர்ஸைப் பழுது பார்க்க வேண்டும், எல்லோரும் காலி பண்ணுங்கள் என்று உத்தரவு. முதல் வேலையே மொட்டை மாடி. "பையெல்லாம் எடுங்க" என்று ஆள் வந்து நின்றுவிட்டது. வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டுக்காரரோ, "மாடியில மண்ணு, தண்ணி எதுவும் ஆகாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இருபது செடியையும் தன் கையாலேயே பிடுங்கியிருக்கிறார் ஏட்டம்மா. நாற்பது காய். எல்லாம் பச்சை.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை. தினமும் போன்ல கேக்காக. செடி நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். பழத்தையாவது காட்டிட்டு பொறவு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் உங்க கட்டுரையை நம்பினேன்."

நம்பினேன். எழுதுகிறவர்களுக்கு இனிக்க வேண்டிய சொல். அன்று எனக்கு அது வேப்பங்காய்.

போனை வைத்ததும் என் மனசாட்சி வேறு ஒன்றைத் தோண்டி எடுத்தது. நான் பழுக்க வைத்தது எத்தனை காய் தெரியுமா? இரண்டு. அதுவும் செடியில் இருக்கும்போதே கன்னம் சிவந்த காய்கள். அதை எழுதவில்லை. இரண்டு காயை வைத்துக்கொண்டு ஊருக்கே செய்முறை சொன்னவள் நான்.

மறுநாள் காலை காய்கறிச் சந்தைக்குப் போனேன். சோழபுரத்திலிருந்து வந்து மிளகாய் விற்கும் பேச்சியம்மாளை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்பவர். விஷயத்தைச் சொன்னேன் – 'எனக்குத் தெரிந்த ஒருத்தர் இப்படி எழுதிவிட்டார்' என்று.

"எவ அவ, கூறுகெட்டவ?" என்றார் பேச்சியம்மாள், எடைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "கவருக்குள்ள மூடி வச்சா வேர்த்துப்போயி அழுகாம என்ன செய்யும்? காத்தாடப் பரப்பணும். சூடான இடமா இருக்கணும். அதுவும் எல்லாக் காயும் பழுக்காது தாயி. செடியில இருக்கும்போதே கொஞ்சமாச்சும் நிறம் திரும்பியிருக்கணும். நிறம் திரும்புன காய் வீட்டுக்குள்ளயும் பழுக்கும். அசல் பச்சை சுருங்கித்தான் போகும்."

"அவங்ககிட்ட சொல்லிடுறேன்" என்றேன்.

"சொல்லு. எழுதுறதை விட்டுட்டு வேற சோலியைப் பார்க்கச் சொல்லு."

வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம்தான். மனசு கேட்கவில்லை. கிளம்பும்போது என் கணவர், "வெறுங்கையோட போகாதே. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டுப் போ" என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் யூனிஃபார்மோடு நின்றிருந்தார் செல்வராணி. நல்ல உயரம். நாற்பத்தைந்து வயது இருக்கும். மதியம் டூட்டியாம். வீடு பாதி அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. "வாங்க மேடம், இப்படி உக்காருங்க" என்று காட்டிய இடத்தில் நாற்காலி இல்லை. கயிறு போட்டுக் கட்டிய மெத்தை இருந்தது. உட்கார்ந்தேன்.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். காகிதக் கவர், இரண்டே காய், கன்னம் சிவந்தது... எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே எழுதியிருக்கலாம்லா?" என்றார். அவ்வளவுதான். எத்தனை பேரை விசாரித்த குரல்! எழுந்து நின்றுவிடலாமா என்று தோன்றியது.

ஒரு சுளகில் மிச்சம் இருபது காயையும் கொண்டு வந்தார். ஜன்னல் பக்கம் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு சிவப்புக் கீற்று? காம்புக்குப் பக்கத்தில்? அடியில்? ஊஹும்.

பன்னிரண்டு காய் கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போலப் பளபளவென்று இருந்தது. எட்டு காயில் தோள்பட்டைப் பக்கம் ஏதோ வெளிறிய திட்டு. பச்சை போய், சோகை பிடித்த மாதிரி.

"இது என்ன மேடம்?"

"வெயில்ல வெந்த காய்" என்றேன் உறுதியாக. "இந்த வருஷ வெயில் அப்படி. இது தேறாது, சாம்பார்ல போட்டுருங்க. இந்தப் பன்னிரண்டையும் பேப்பர் விரிச்சு ஒண்ணோடொண்ணு படாமப் பரப்பி வைங்க. ஒண்ணு ரெண்டாவது சிவக்கும்."

பாருங்கள், பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதற்குள் அடுத்த தீர்ப்பு. அறிவுரை சொல்கிற வாய்க்கு ஓய்வே கிடையாது!

ஏட்டம்மா ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். கிளம்பும்போது 'மேடம்' போய் 'அக்கா' வந்திருந்தது. "அக்கா, ஒண்ணே ஒண்ணு சிவந்தாக்கூடப் போதும். அவிய கையில குடுத்துருவேன்."

சனிக்கிழமை அவர்கள் வீடு மாறினார்கள். திங்களன்று போன். "ஒண்ணும் மாறலை அக்கா." புதனன்று போன். "தோல் லேசாச் சுருங்குது அக்கா." வெள்ளிக்கிழமை போன் வந்தபோது குரலே மாறியிருந்தது.

"பன்னெண்டும் போச்சு. கிழங்கட்டையா சுருங்கிருச்சு. ஒண்ணுகூட சிவக்கலை."

"அந்த எட்டு..." என்று இழுத்தேன்.

"அதைச் சமைக்க எங்க நேரம்? வீடு மாத்துற அவசரத்துல அடுப்படி மேல் ஷெல்ஃப்ல தூக்கிப் போட்டேன். மேல மொட்டை மாடில்லா, அந்த ஷெல்ஃப் அடுப்பாக் கொதிக்கும். இருங்க, பார்த்துட்டு வாரேன்." ஸ்டூலை இழுக்கும் சத்தம். ஏறும் சத்தம். பிறகு, "அக்கா... இது மஞ்சளா மாறிக்கிட்டு இருக்கு."

"மஞ்சளாவா?"

"பாதிக்கு மேல மஞ்சள்."

"போச்சு" என்றேன். "கெட்டுப்போகுதுன்னு அர்த்தம். தூக்கிப் போட்டுருங்க."

சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் குடமிளகாயைப் பார்த்ததே இல்லையா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. பார்த்திருக்கிறேன். பீட்சாவின் மேல் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டு சாலட்டில் பொறுக்கித் தின்றிருக்கிறேன். ஆனால் மண்டைக்குள் 'சிவப்பு' என்று ஒரு பலகையை மாட்டிவிட்டால் அப்புறம் கண் எதைப் பார்க்கும்? வெயிலில் வெந்தது, சோகை பிடித்தது, கெட்டுப்போனது – எதை வேண்டுமானாலும் நினைப்பேன், பழுக்கிறது என்பதைத் தவிர!

ஏட்டம்மா மோந்து பார்க்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "வாடை ஒண்ணும் இல்லையே அக்கா. கெட்டியாத்தான் இருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க, ரெண்டு தடவை உங்க பேச்சைக் கேட்டாச்சு. இந்தத் தடவை கேக்கலை" என்றார்.

தப்பாக நினைக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

"அவர்கிட்ட?" என்றேன்.

"உண்மையைச் சொல்லிர வேண்டியதுதான். வரட்டும்."

பாண்டி ஞாயிறு வந்தார். திங்களன்று ஏட்டம்மாவிடமிருந்து போன் இல்லை. செவ்வாயும் இல்லை. அவர்கள் வீட்டில் சண்டையோ? பாவம், எத்தனையோ மாதம் கழித்து வந்த மனிதர்... "நீ ஒரு மிளகாயைப் பத்தி எழுதி ஒரு குடும்பத்தையே பிரிச்சிருப்ப" என்று என் கணவர் வேறு. புதனன்று மதியம் போன் வந்தது. ஆண் குரல்.

"நான் பாண்டி பேசுறேன். ஹவில்தார். நாளைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும். சாரையும் கூட்டிட்டு வாங்க."

அழைப்பா, உத்தரவா என்று தெரியவில்லை. போனோம்.

பாண்டி மகாராஜபுரத்துக்காரர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. பேச்சு குறைவு. எங்களை உட்கார வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து ஒரு தட்டைக் கொண்டு வந்து முன்னால் வைத்தார். எட்டு குடமிளகாய். ஒரு பொட்டுப் பச்சை இல்லாமல், சுத்தமான மஞ்சள். ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுமினுத்தது.

"இதைத்தான் நீங்க தூக்கிப் போடச் சொன்னீங்களாமே?"

"ஆமா" என்றேன், ரொம்பச் சின்னக் குரலில்.

"இது மஞ்சக் குடமிளகாய் விதை மேடம். எங்க கேம்ப் பக்கத்துல ஒரு தோட்டம். வேலி ஓரமாப் பார்த்தா வரிசையா மஞ்சளாத் தொங்கும். அதைப் பார்த்துட்டுத்தான் விதை வாங்கியாந்தேன். சிவக்கும்னு யார் சொன்னா?"

நான் ஏட்டம்மாவைப் பார்த்தேன். ஏட்டம்மா என்னைப் பார்த்தார். யாருமே சொல்லவில்லை! அவர் 'பழுக்கட்டும்' என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை 'சிவக்கட்டும்' என்று ஏட்டம்மா எடுத்துக்கொள்ள, நான் அதற்கு மேலே ஏறி நின்றுகொண்டு இருபது காயில் சிவப்பைத் தேடியிருக்கிறேன். நிறம் திரும்பிய எட்டையும் கையில் வைத்துக்கொண்டு!

முதலில் சிரித்தது என் கணவர். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டேன். "செடி போனது உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

பாண்டி ஒரு பழத்தை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "எனக்கு முன்னாடியே தெரியும். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னு இவ சொன்ன அன்னைக்கே தெரியும். இருபது பை மண்ணை வாடகை வீட்டுக்கு எப்படிக் கொண்டு போவா? ஆனா தினமும் கேட்பேன். செடி நல்லா இருக்குன்னு சொல்லுவா. சொல்லட்டும்னு விட்டுட்டேன். அவளுக்கே சொல்ல முடியாம இருக்கும்போது நான் எதுக்கு அதைப் பிடுங்கணும்?"

ஏட்டம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "தெரிஞ்சுக்கிட்டேயா தினமும் கேட்டீக?" என்றார்.

"ஏட்டி, நான் மட்டும் என்ன? முப்பது நாள் லீவுன்னு சொன்னேன். இருபதுதான் குடுத்திருக்காக. வந்து இறங்கின பொறவுதானே உங்கிட்டச் சொன்னேன்."

அந்த இரண்டு நாள் ஏன் போன் வரவில்லை என்று அவர்கள் பேச்சிலிருந்து அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சண்டை இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து, இது ஒன்றைத் தவிர, போனில் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்திருக்கிறார்கள். மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அவருக்கு முழங்கால் வலி வந்தது. இவருக்கு ஒருநாள் ஸ்டேஷனில் மயக்கம் வந்தது. தூரத்தில் இருக்கிற மனிதர்கள் 'நல்லா இருக்கேன்' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு சாமான்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்!

அன்று சமையல் பாண்டிதான். மஞ்சள் குடமிளகாயை நீளநீளமாக நறுக்கி, சின்ன வெங்காயம் போட்டு, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினார். நான் இதுவரை சாப்பிட்டதிலேயே இனிப்பான குடமிளகாய். ஏட்டம்மாவுக்கு முதல் கரண்டியை அவரே போட்டார். "பறிக்கத்தான் குடுத்து வைக்கலை. பரிமாறவாவது செய்றேன்" என்றார். ஏட்டம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நாங்களும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதை எழுதலாமா?"

பாண்டி மனைவியைப் பார்த்தார். ஏட்டம்மா தொப்பியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க அக்கா. ஆனா பேரை மாத்திருங்க. ஒரு மிளகாய்ச் செடிக்காகப் புருஷன்கிட்ட தினமும் பொய் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா, பொறவு ஸ்டேஷன்ல ஒரு திருட்டுப் பயகூட எங்கிட்ட உண்மை பேச மாட்டான்."

மாற்றிவிட்டேன்.